நிழலில் ஒரு வேலை

பொறியியல் கலந்தாய்வுக்குச் சாய்ஸ் ஃபில்லிங் நடக்கும் நாட்களில் தாலுகா ஊர்களின் பிரௌசிங் சென்டர்களில் இரவு பத்து மணிக்கும் கூட்டம் கலையாது. அப்படியொரு கடையில், அண்ணன் மகனுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு கொத்தனார், அவர் மனைவி, மகள். கட்ஆஃப் 200க்கு 172. அரசுப் பள்ளியில் படித்த பெண். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு சிவில் படிக்க ஆசை. விடுமுறை நாட்களில் அப்பாவோடு வேலை நடக்கும் இடத்துக்குப் போய், ரசமட்டம் பிடித்துப் பார்த்து வளர்ந்தவள். கடைக்காரர் கல்லூரிக் குறியீட்டு எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். "சிவில் போடட்டுமாண்ணே?" என்று கேட்டதற்கு அப்பா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வேண்டாம் தம்பி. இன்ஜினியரும் வெயில்லதான் நிக்கிறாரு. நான் தெனமும் பாக்குறேன். நிழல்ல உக்காந்து பாக்குற வேலையாப் பாத்துப் போடுங்க." அம்மாவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "காலேஜ் பஸ் நம்ம ஊரு வரைக்கும் வருதா?"

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, ஏஐ-டேட்டா சயின்ஸ் என்று பேருந்துத் தடத்தில் இருக்கும் கல்லூரிகள் 13 வரிசையாக ஏறின. 14ஆவதாக ஓர் அரசுக் கல்லூரியின் சிவில் இடத்தைச் சேர்க்கச் சொன்னாள் அந்தப் பெண். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. 14ஆவது இடத்தில் வைப்பது வராமல் போவதற்காக வைப்பது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

இளைஞர்கள் எதை வைத்துப் படிப்பையும் தொழிலையும் தேர்கிறார்கள் என்ற கேள்விக்கு உளவியலிலும் சமூகவியலிலும் ஒரு நூற்றாண்டு ஆய்வு இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொத்தனாரின் சொல் நினைவுக்கு வரும். ஆய்வாளர்களின் பட்டியல்களில் சாதனை உண்டு, பாதுகாப்பு உண்டு, அதிகாரம் உண்டு. நிழல் இல்லை.

ஆர்வம் வேறு, விழுமியம் வேறு. எதைச் செய்தால் நேரம் போவது தெரியாது என்பது ஆர்வம். எதைச் செய்தால் வாழ்க்கை சரியாகப் போகிறது என்று ஒருவர் நினைக்கிறாரோ அது விழுமியம். நம் ஊர் வழிகாட்டி முகாம்களில் ஆர்வத்தைப் பற்றித்தான் பேச்சு அதிகம்; விழுமியத்தை யாரும் கேட்பதில்லை. அந்தப் பெண்ணின் ஆர்வம் செங்கல்லிலும் சிமெண்டிலும் இருந்தது. அவள் வீட்டின் விழுமியம் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது.

மனிதர்களை விழுமியத்தால் வகைப்படுத்தும் முயற்சியை ஜெர்மானியரான எட்வர்ட் ஸ்ப்ராங்கர் 1914இல் தொடங்கினார். அறிவு, பொருள், அழகு, மனிதர், அதிகாரம், சமயம் என்று வாழ்க்கையின் ஆறு நாட்டங்களை அவர் சொன்னார். 1931இல் கார்டன் ஆல்போர்ட்டும் பிலிப் வெர்னானும் அதை ஒரு வினாத்தாளாக்கினார்கள். தொழில் தேர்வோடு இதை நேரடியாக முடிச்சுப் போட்டவர் மோரிஸ் ரோசன்பர்க். கார்னல் பல்கலைக்கழக மாணவர்களிடம் 1950இலும் 1952இலும் கேட்ட கேள்விகளை வைத்து அவர் எழுதிய நூல் 1957இல் வந்தது. மனிதர்களோடு பழகி உதவும் வேலை வேண்டும் என்பவர்கள், சம்பளமும் அந்தஸ்தும் வேண்டும் என்பவர்கள், தன் திறமையைக் காட்ட இடம் வேண்டும் என்பவர்கள் என மூன்று திரள்களாக அவர் பிரித்தார். இன்றைக்கும் எந்தக் கல்லூரி விடுதியிலும் இந்த மூன்று பேரையும் பார்க்கலாம்.

பிறகு வந்தவர்களில் செல்வாக்கு மிகுந்தவர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ். 20 நாடுகளின் தரவுகளோடு 1992இல் வெளியான அவருடைய கட்டுரை, விழுமியங்களைப் பத்தாகப் பிரித்து ஒரு வட்டத்தில் அடுக்கியது. அந்த வட்டத்தில்தான் சூட்சுமம். பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும்; எதிரெதிரே இருப்பவை இழுபறி செய்யும். தன்விருப்பப்படி நடப்பதற்கு எதிரே பாதுகாப்பும் மரபும் பெரியோர் சொல் கேட்பதும். தன் உயர்வுக்கு எதிரே பிறர் நலம். ஒன்றைத் தூக்கிப் பிடித்தால் எதிரே இருப்பது தாழும் என்பது அவர் கணக்கு.

விழுமியம் படிப்பைத் தீர்மானிக்கிறதா, படிப்பு விழுமியத்தை உருவாக்குகிறதா? பொருளாதாரம் படிப்பவர்கள் சுயநலமாகிவிடுகிறார்கள் என்று மேலை நாடுகளில் ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. இஸ்ரேலில் நீல் காண்டலும் அவர் கூட்டாளிகளும் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், பொருளாதார மாணவர்கள் மற்றச் சமூக அறிவியல் மாணவர்களைவிடச் சாதனை, அதிகாரம் போன்றவற்றுக்குக் கூடுதல் மதிப்பும் உலகப் பொது நலனுக்குக் குறைந்த மதிப்பும் தந்தது உண்மைதான். ஆனால் அந்த வேறுபாடு முதலாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. பாடம் அவர்களை மாற்றுவதற்கு முன்பே அவர்கள் அப்படித்தான் வந்து சேர்ந்திருந்தார்கள்.

ஒத்துப்போகாத இடத்தில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு விடை உண்டு. லிலாக் சாகிவும் ஷ்வார்ட்ஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் வணிக மேலாண்மை மாணவர்களையும் உளவியல் மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். அதிகாரத்தை மதிப்பவர் வணிகத் துறையில் மனநிறைவோடு இருந்தார். அதே விழுமியத்தோடு உளவியல் துறையில் இருந்தவர் அப்படி இல்லை. நல்ல விழுமியம், கெட்ட விழுமியம் என்பதைவிட, இருக்கும் இடத்துக்குப் பொருந்துகிறதா என்பது மனநிறைவுக்கு முக்கியமாகிறது.

இதுவரை சரி. இந்த ஆய்வுகளின் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளை தனக்கென்று ஒரு விழுமியத்தோடு, திறந்த கதவுகள் பல கொண்ட கூடத்தில் நின்று, தனக்குப் பிடித்த கதவைத் தள்ளுகிறான் என்ற நம்பிக்கை. தமிழ்நாட்டில் அந்தக் கதவுகளில் பாதி, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே சாத்தப்படுகின்றன. "நானூறுக்கு மேல எடுத்திருக்கான், ஃபர்ஸ்ட் குரூப் குடுங்க" என்பது நம் பள்ளி அலுவலக வாசல்களில் கேட்கும் வாசகம். மதிப்பெண் குறைந்தவர்கள் வணிகவியலுக்கு, இன்னும் குறைந்தவர்கள் தொழிற்பிரிவுக்கு. கணக்குப்பதிவியலை உண்மையிலேயே விரும்பும் பிள்ளை 480 எடுத்துவிட்டால் பாவம், வீட்டில் விடமாட்டார்கள். எதை விரும்புகிறாய் என்று யாரும் கேட்பதற்கு முன்பே, பதினைந்து வயதில், மதிப்பெண் கேள்வியையும் கேட்டுப் பதிலையும் எழுதிவிடுகிறது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால், இங்கே விழுமியத்துக்கு வேலையே இல்லை, எல்லாம் மதிப்பெண்ணும் பெற்றோர் கட்டாயமும்தான் என்றாகிவிடும். அப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் இளைஞர்களின் தேர்வில் விழுமியம் மிக அழுத்தமாகவே வேலை செய்கிறது. அது தனி ஒருவருடையதாக இல்லாமல் ஒரு வீட்டினுடையதாக, சில சமயம் ஒரு தெருவினுடையதாக இருக்கிறது. வினாத்தாள்களின் சொற்களில் அது அகப்படுவதில்லை.

நிழல் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் உடல் சுகம். ஷ்வார்ட்ஸின் வட்டத்தில் பாதுகாப்பு என்ற கட்டத்தில் போட்டுவிடலாம். வெயிலில் வேலை செய்தவர் வாயிலிருந்து அது வரும்போது அதற்குள் இன்னும் பல இருக்கின்றன. வெயிலில் செய்யும் வேலை என்பது நம் ஊரில் அநேகமாக இன்னொருவர் வயலில், இன்னொருவர் வீட்டு வாசலில், இன்னொருவர் அதட்டலுக்குக் கீழ் செய்யும் வேலை. தலைமுறைகளாக எந்தச் சாதியார் வெயிலில் நின்றார்கள், எந்தச் சாதியார் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆகவே நிழல் என்றால் யாரும் "வாடா போடா" என்று கூப்பிட முடியாத இடம். மாதம் பிறந்தால் சம்பளம் வரும், மழை பெய்தால் கூலி போகாது. பெண் பிள்ளையாக இருந்தால், வேலைக்குப் போய் வருவதைப் பற்றி நாலு பேர் நாலுவிதமாகப் பேச இடமில்லாத இடமும் அதுதான். பாதுகாப்பு, மரியாதை, சாதியிலிருந்து விடுபடுதல், உடம்பு நோகாமை என்று நான்கைந்து விழுமியங்கள் ஒரே சொல்லுக்குள் முடிச்சிட்டுக் கிடக்கின்றன.

இப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் படிப்புகளின் மேல் மோகம் மாறி மாறி வந்ததில் ஒரு தொடர்ச்சி தெரிகிறது. 1984இல் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. இடையில் ஒரு காலம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் ஊருக்கு ஊர் முளைத்து, பின்பு ஆளில்லாமல் மூடப்பட்டன. 2007இல் நுழைவுத் தேர்வு போனது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானதும் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பொறியியல் எட்டும் தூரத்துக்கு வந்தது. மெக்கானிக்கல் கொடிகட்டிப் பறந்தது, பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸ். மந்தைபோல் ஓடுகிறார்கள் என்று பத்திரிகைகளில் அறிவுரை எழுதுகிறோம். ஓடிய திசை ஒன்றுதான். தடங்கள்தான் மாறின.

பி.இ. முடித்தவர்கள் அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வு எழுதுவதைப் பரிகாசம் செய்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பத்தாம் வகுப்பு போதும் என்கிற அந்தத் தேர்வுக்கு 2024இல் முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இந்தத் திரளில் வேலையின்மையின் பங்கு பெரிது, மறுக்கவில்லை. ஆனாலும் தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்தும் அதை விட்டுவிட்டு வந்து கோச்சிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் அங்கே உண்டு. அவர்கள் கணினித் துறையில் தேடிப் போனதும் கிராம நிர்வாக அலுவலர் நாற்காலியில் தேடுவதும் ஒரே பொருளை. 'விஏஓ சார்' என்று ஊர் கூப்பிடும் அந்த 'சார்' எந்த வினாத்தாளிலும் தனி வரியாக வருவதில்லை.

லோக்நிதி-சிஎஸ்டிஎஸ் அமைப்பு 2016இல் நாடு முழுவதும் இளைஞர்களிடம் எடுத்த கணிப்பிலும் அரசு வேலையை விரும்பியவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் இருந்தார்கள். தனியார் வேலையைச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. தாராளமயம் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆன பிறகு வந்த எண் இது.

விழுமியம் வீட்டிலிருந்து வருகிறது என்று சொன்னேன். எப்படி வருகிறது என்பதற்கு அமெரிக்கச் சமூகவியலாளர் மெல்வின் கோன் 1969இல் ஒரு விளக்கம் தந்தார். மேலாளர் கண்காணிப்பில், சொன்னதைச் செய்யும் வேலையில் இருக்கும் தந்தை, பிள்ளையிடமும் கீழ்ப்படிதலை மதிக்கிறார். தானே முடிவெடுக்கும் வேலையில் இருப்பவர் பிள்ளையின் சுயசிந்தனையை மதிக்கிறார். பெற்றோர் செய்யும் வேலை அவர்கள் வளர்க்கும் விதத்தில் படிகிறது என்பது அவர் வாதம். நம் ஊருக்கு இது பாதிதான் பொருந்தும். "சொன்ன பேச்சைக் கேளு" என்பதைக் கூலிக்காரர் வீட்டில் அதிகம் கேட்கலாம். ஆனால் அதே வாய் "என்ன மாதிரி ஆயிடாதே" என்றும் சொல்கிறது. தன் வாழ்க்கையைப் பிள்ளைக்குக் கடத்துவதும், அது பிள்ளையை அண்டாமல் குறுக்கே நின்று தடுப்பதும் ஒரே ஆள்தான். இந்த இரண்டாவது பாதிக்கு கோனிடம் விளக்கமில்லை.

பெற்றோர் சொல்லுக்கு இணங்குவதைச் சுயமின்மை என்று படிப்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அந்தப் பிரௌசிங் சென்டரில் அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். "அப்பா சொல்றதும் சரிதான் சார். தம்பி ரெண்டு பேரு படிக்கணும். நான் சீக்கிரம் சம்பாதிக்கணும்" என்றாள். மூத்த பிள்ளை என்பது நம் வீடுகளில் ஒரு பதவி. தம்பி படிப்பும் தங்கை கல்யாணமும் அந்தப் பதவியோடு வருகின்றன. வினாத்தாளில் இவள் 'கீழ்ப்படிதல்' என்ற கட்டத்தில் விழுவாள். அவள் மனத்தில் இருந்ததோ கடமையும் பாசமும் கலந்த, தானே எடுத்துக்கொண்ட ஒரு பொறுப்பு. பெங்களூரைச் சேர்ந்த கிடியான் அருள்மணி இந்திய இளைஞர்களின் தொழில் தேர்வைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். மேலை நாட்டு வழிகாட்டல் முறைகளை அப்படியே இங்கே கொண்டுவந்து போட முடியாது, குடும்பத்தையும் அதன் பொருளாதாரத்தையும் சேர்த்துக்கொண்டுதான் பேச முடியும் என்பதை அவர் எழுத்துகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

வீட்டு விழுமியம் என்றால் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: அது பார்த்ததை வைத்தே கணக்குப் போடும். கொத்தனார் பார்த்த சிவில் இன்ஜினியர் வெயிலில் நின்றவர். கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பாலத்தின் பளுவைக் கணக்கிடும் சிவில் இன்ஜினியரை அவர் பார்த்ததே இல்லை. நிழல் வேண்டும் என்பது சரியான விழுமியமாக இருந்தும், நிழல் எங்கெல்லாம் இருக்கிறது என்ற வரைபடம் அவரிடம் இல்லை. மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2004இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் துல்லியமாகச் சொல்கிறார். ஆசைப்படுவதும் ஒரு திறன். வசதியுள்ளவர்களிடம் அதற்கான வரைபடத்தில் பாதைகள் அடர்த்தியாக இருக்கின்றன, ஏழைகளிடம் ஓரிரு பாதைகளே இருக்கின்றன என்பது அவர் கருத்தின் சாரம்.

14 முதல் 18 வயதுவரையான கிராமப்புற இளைஞர்களிடம் ஏசர் அமைப்பு 2017இல் நடத்திய கணக்கெடுப்பு இதற்குச் சான்று. 24 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் எடுக்கப்பட்டது அது. தாங்கள் விரும்பும் தொழிலில் முன்மாதிரியாகச் சொல்ல ஓர் ஆள்கூட இல்லாதவர்கள் ஏறக்குறைய 40 சதவீதம். பையன்கள் இராணுவம், காவல்துறை என்றும் பெண்கள் ஆசிரியர், செவிலியர் என்றும் அதிகம் சொன்னார்கள். கிராமத்துப் பிள்ளையின் கண்ணுக்குத் தட்டுப்படும் சம்பள உத்தியோகங்கள் எவை என்று யோசித்தால் இதில் வியப்பில்லை. சீருடை, கரும்பலகை, ஆரம்ப சுகாதார நிலையம்.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு அடுக்கு சேர்கிறது. பெண்கள் அறிவியல், பொறியியல் துறைகளை விட்டு விலகுவது ஏன் என்று ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் அமாண்டா டீக்மன், 2010இல் ஒரு காரணத்தை முன்வைத்தார்: பிறரோடு சேர்ந்து, பிறருக்கு உதவும் வேலையை மதிப்பவர்களுக்கு அந்தத் துறைகள் அப்படிப்பட்டவையாகத் தோன்றுவதில்லை. நம் ஊரில் பொறியியல் வகுப்பறைகளில் பெண்கள் ஏராளம். அங்கே விலக்கம் வேறு இடத்தில் நடக்கிறது. துறைக்குள், ஊருக்குள், நேரத்துக்குள். சிவில் வேண்டாம், மெக்கானிக்கல் வேண்டாம், விடுதி வேண்டாம், இரவு ஷிஃப்ட் வேண்டாம். "பஸ் வருதா?" என்று அந்த அம்மா கேட்டது போக்குவரத்துத் தகவல் மட்டும் இல்லை. மகள் இரவு எங்கே தூங்குவாள் என்பது அதற்குள் இருக்கிறது. கல்லூரியின் தரத்தைக் கல்லூரிப் பேருந்து வென்றுவிடுகிறது.

இத்தனைக்கும் நம் மாநிலம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவதில் முன்னால் நிற்பது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டின் விகிதம் 47. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது, மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024இல். மருத்துவத்திலும் பின்பு பொறியியல் உள்ளிட்ட படிப்புகளிலும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. கல்லூரிக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வியைப் பெருமளவுக்குக் கடந்துவிட்டோம். எதற்காகப் போவது என்ற கேள்விக்கு மட்டும் பிரௌசிங் சென்டர்காரரை நம்பியிருக்கிறோம். அவரும் பாவம், ஆளுக்கு இருபது நிமிடம்தான் ஒதுக்க முடியும்.

'நான் முதல்வன்' திட்டத்தின் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள் நல்ல முயற்சிதான். ஆனால் ப்ளஸ் டூ முடித்தவர்களிடம் பேசும்போது குரூப் என்ற கதவு சாத்தப்பட்டு இரண்டு ஆண்டு ஆகியிருக்கும். மேடையில் நூறு படிப்புகளின் பெயரைச் சொல்வதைவிட, மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் "உங்கள் மகளுக்கு எப்படிப்பட்ட வாழ்க்கை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லை அப்படியே பிடித்துக்கொள்வது பயன்படும். அவர் நிழல் என்பார். அந்த நிழல் எந்தெந்தப் படிப்பில், எந்தெந்த மூலையில் கிடக்கிறது என்று காட்டுவதுதான் வழிகாட்டியின் வேலை.

அதோடு, இந்த விழுமியங்கள் கல்வெட்டு அல்ல. பள்ளி இறுதி வகுப்பினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த அமெரிக்கத் தரவுகளை மோனிகா கிர்க்பாட்ரிக் ஜான்சன் அலசியபோது, பதினெட்டு வயதில் எல்லாமே மிக முக்கியம் என்று சொன்னவர்கள், வேலைக்குப் போன பின் சிலவற்றின் பிடியைத் தளர்த்திக்கொண்டது தெரிந்தது. எது கைக்குக் கிடைக்கிறதோ அதன் மதிப்பு உறுதியாகிறது, கிடைக்காததன் மதிப்பு மெல்லக் குறைகிறது. அதனால்தான் பிடிக்காத படிப்பில் சேர்ந்தவர்களில் பலர் பத்தாண்டு கழித்து "இதுவும் நல்லதுதான்" என்கிறார்கள். அதை மனநிறைவு என்று எடுத்துக்கொள்வதா, பழக்கம் என்று எடுத்துக்கொள்வதா என்பது அவரவர் பார்வை.

அந்தக் கொத்தனார் மகளுக்குத் தற்காலிக ஒதுக்கீட்டில் பட்டியலின் மூன்றாவது இடம் கிடைத்தது: ஐடி. கடைக்காரர் வழியாகத் தெரிந்துகொண்டேன். முதலிரண்டில் ஒன்று கிடைக்குமா என்று 'அப்வர்ட்' கொடுத்தார்களாம். அப்வர்ட் என்றால் பட்டியலில் மேலே இருப்பவற்றுக்கு மட்டும்தான் மாற முடியும். 14ஆவது இடத்திலிருந்த சிவில் அத்தோடு பட்டியலிலிருந்தே போய்விட்டது.

பத்தாம் வகுப்பு முடிவு மே மாதம் வருகிறது. வந்த சில நாட்களில் குரூப் முடிவாகிவிடுகிறது. பள்ளிகளில் இருப்பவர்களே, பேச வேண்டியதை ஒன்பதாம் வகுப்பிலேயே பேசத் தொடங்குங்கள். பேசும்போது அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.